தோற்ற நாட்டின் பிரதமரைப் படித்த என் மகளுக்கு

என் பிள்ளைக்கு,

நீ ஜப்பானுக்குப் போன பிறகு வந்திருக்கும் முதல் குளிர்காலம் இது. இங்கே பிரான்சில், நம் லா சப்பல் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது நம் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்கிறது. கீழே மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காய்ப் பெட்டியை நடைபாதைக்கு இழுத்துவைத்து, அதைக் கடந்து போகிறவர்களோடு சண்டை பிடிக்கிறார். பேச்சுக் குறைந்து போனவன் நான் ஒருவன்தான். நீ தொலைபேசியில் எடுக்கும்போது எனக்கு மதியம், உனக்கு இரவு. களைத்துப்போய் இருப்பாய். “சாப்பிட்டீங்களா அப்பா?” என்பாய், ஓம் என்பேன். “குளிரா?” என்பாய், அதற்கும் ஓம் என்பேன். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த இரண்டு ஓமுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். அவ்வளவு நேரமாவது நீ என்னோடு இருப்பாய்.

இதை இங்கே வரும் நம்மவர் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்தது எல்லாருக்கும் முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் எல்லாரும் அறியட்டும். ஆனால் முதலில் இருந்து சொல்லவேண்டும். மண்டபத்தில் இருந்த பலருக்கு நீ ஏன் அந்த மனிதரைப் படிக்கப் போனாய் என்பதே தெரியாது.

நீ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, உலகப்போரில் தோற்ற ஜப்பானை அதன் பிறகு ஆண்ட ஒரு பிரதமரைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாய். அம்மா கையில் அகப்பையோடு திரும்பினாள்.

“வேற ஆக்கள் கிடைக்கேல்லையே பிள்ளை? எங்களுக்கும் ஜப்பானுக்கும் என்ன?”

நீ பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாய். “இந்த வீட்டிலை எல்லாரும் நாங்கள் எப்பிடித் தோத்தம் எண்டுதான் கதைக்கிறியள். தோத்த பிறகு எப்பிடி இருக்கிறது எண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நான் அதைப் படிக்கப் போறன்.”

 அம்மா உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். 

அதன் பிறகு அவர் நம் வீட்டு மனிதராகிவிட்டார். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை என்பதால் அம்மா அவரை ‘பிள்ளையின்ர கிழவர்’ என்றாள், நானும் அப்படியே சொல்லப் பழகினேன். கிழவர் போருக்கு முன் வெளிநாடுகளில் தூதராக இருந்தவர் என்றும், அந்தப் போரை விரும்பாதவர் என்றும் சொன்னாய். போரை முடித்துக்கொள்ள வழி தேடியதற்காகத் தன் நாட்டு இராணுவப் பொலிசே அவரைப் பிடித்து உள்ளே போட்டது. நாடு சரணடைந்து அடுத்த வருடம் அவர் பிரதமர். அப்போது வயது அறுபத்தேழு. நான் உணவகச் சமையலறையில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஓய்வெடுக்க வந்த வயதைத் தாண்டிய பிறகு அவர் வேலையையே தொடங்கியிருக்கிறார். கைத்தடி, சுருட்டு, வெள்ளைக் காலுறை என்று நீ அவருடைய படத்தைக் காட்டினாய். பசியில் கிடந்த ஒரு நாடு, அதைப் பிடித்து வைத்திருக்கும் அந்நிய இராணுவம், எதைச் செய்யவும் அந்த இராணுவத் தளபதியின் வாசலுக்குப் போகவேண்டிய நிலை. கிழவர் போனார், குனிந்தார், ஆனால் கேட்டதை எல்லாம் கொடுத்துவிடவில்லை. முதலில் ‘உனக்குப் படை கூடாது’ என்று அரசியலமைப்பில் எழுதவைத்தவர்களே கொஞ்சக் காலத்தில் ‘பெரிய படை கட்டு’ என்று நெருக்கியபோது, முடிந்த மட்டும் நழுவினார். முதலில் சோறு, அடுத்தது தொழில், படை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவருடைய போக்கு. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்ட ஒருவரை வாய்க்குள்ளே ‘முட்டாள்’ என்று திட்டி, அது வெளியே கேட்டு, கடைசியில் தேர்தலே வைக்கவேண்டி வந்த கதையைச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். “அப்ப உன்ர கொப்பரைப் போல ஆள்” என்று என்னைக் காட்டினாள்.

அவர் பதவி இழந்த பிறகும் அவருடைய காலம் முடியவில்லை என்பாய். அவர் பொறுக்கி எடுத்து வளர்த்த அதிகாரிகளில் இருவர் பின்னால் பிரதமராக வந்தார்கள், அவர் போட்ட பாதையிலேயே அந்த நாடு பல காலம் நடந்து பணக்கார நாடானது. இன்றைக்கும் அங்கே அந்தப் பாதை சரியா பிழையா என்றுதான் சண்டை. அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. நானும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கூட்டம், ஊர்வலம் எதற்கும் முன்னுக்கு நின்றவன் இல்லை. அடுப்பு எரியட்டும், பிள்ளை படிக்கட்டும் என்று இருந்தவன். பேடி என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. உன் கிழவரைப் பற்றிக் கேட்கக் கேட்க, அப்படி இருப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ என்னை அந்த ஆறுதலில் இருக்க விடவில்லை. “கிழவர் ஒரு தீவை விட்டுட்டுத்தான் நாட்டை மீட்டவர், அப்பா” என்று ஒரு நாள் சொன்னாய். ஒகினாவா. போரில் அத்தனை சனத்தைப் பலிகொடுத்த தீவு. சமாதான ஒப்பந்தத்தில் ஜப்பானுக்கு விடுதலை வந்தபோது, அந்தத் தீவு மட்டும் அமெரிக்கரின் கையிலேயே விடப்பட்டது. கிழவர் செத்துச் சில வருடங்களுக்குப் பிறகுதான் அது திரும்பி வந்தது.

அம்மா உன் ஆராய்ச்சி முடிவதைப் பார்க்கவில்லை. ஆசுபத்திரியில் கடைசி நாட்களில் ஒரு பின்னேரம், “பிள்ளையின்ர கிழவர் எத்தினை வயசிலை செத்தவர்?” என்று கேட்டாள். எண்பத்தொன்பது என்று நீ சொன்னாய். “அவ்வளவு காலம் இருந்தவரோ” என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ வெளியே போய் அழுதாய். நான் அவளுடைய காலைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் உன் ஆய்வை நீ பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று விளக்கிய நாளில், என் பக்கத்தில் இருந்தவர் சிவராசா அண்ணை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக அவரைப் பற்றிச் சொல்கிறேன். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் இருக்கிறார். நான் இந்த நகரத்துக்கு வந்து இறங்கியபோது தன் அறையில் பாய் விரித்துப் படுக்க இடம் தந்தவர். என் முதல் சமையலறை வேலையை எடுத்துத் தந்தவரும் அவரே. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் அவருடைய தம்பியைக் கொன்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அவர் சொன்னதும் அவ்வளவுதான். தேர்த் திருவிழாக்களில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர். வேலை விட்ட பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ரயில் ஏறி லா சப்பலுக்கு வந்து என்னோடு தேத்தண்ணி குடித்தவர். அன்றைக்கு நீ பேசியது இரண்டு பேருக்கும் பாதிதான் விளங்கியது. முடிந்ததும் கை தட்டினார்கள். அவர் என் தொடையில் அடித்து, “எங்கட பிள்ளையடா” என்றார். அவர் வாங்கி வந்த றோல்ஸ் பெட்டியைப் பேராசிரியர்கள் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்கு டோக்கியோவில் வேலை கிடைத்த செய்தி வந்திருந்தது. போவதற்கு முன் நம்மவர்களுக்கு ஒரு முறை பேசு என்று லா சப்பல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பிரெஞ்சில் பேசலாம் என்று சொன்னார்கள், நீ தமிழில்தான் பேசுவேன் என்றாய். சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாய். ‘நட்டஈடு’ என்ற சொல் உனக்கு வரவே இல்லை.

நன்றாகத்தான் தொடங்கினாய். கிழவரின் சிறை, கிழவரின் சுருட்டு, எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சமாதான மாநாட்டுக்கு வந்தாய். ஆங்கிலம் தெரிந்தும் கடைசி நேரத்தில் தன் மொழியிலேயே எழுதிய நீண்ட தாள் சுருளை விரித்து விரித்து அவர் வாசித்ததைச் சொன்னாய். அவருக்கு முன்னால் பேசியவர்களில் இலங்கையிலிருந்து போன ஓர் அமைச்சரும் இருந்தார் என்றாய். பகை பகையால் தீராது என்ற புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, எங்கள் நாட்டுக்கு நட்டஈடு வேண்டாம் என்றார் அவர். அந்தப் பேச்சை ஜப்பான்காரர் இன்னும் நன்றியோடு நினைக்கிறார்கள் என்றும் சொன்னாய்.

 மூன்றாவது வரிசையில் சிவராசா அண்ணை எழுந்தார்.

“பிள்ளை, அந்த மனிசன் ஆர் எண்டு தெரிஞ்சோ சொல்லுறாய்?”

“ஓம் மாமா.”

“எண்பத்து மூண்டிலை நாட்டுக்குத் தலைவரா இருந்தது ஆர் எண்டும் தெரியுமோ?”

“தெரியும் மாமா. அதே ஆள்தான்.” நீ தாளை விட்டு அவரைப் பார்த்தாய். “அவர் அங்கை சொன்னது உண்மை. எங்கட வீடுகள் எரிஞ்சதும் உண்மை. நான் ரெண்டையும் எழுதியிருக்கிறன்.”

“ஜப்பான்காரனுக்கு மன்னிப்பு, எங்களுக்கு நெருப்பு” என்றார் அவர். கத்தவில்லை. “பெரிய ஆக்கள் கூடிச் சமாதானம் எழுதேக்கை ஆரை வெளியிலை விடுகினம் எண்டு கேட்டுப்பார் பிள்ளை. அவையைப் போய்க் கேட்டு எழுது.”

உன் அடுத்த பக்கத்தில் ஒகினாவா இருந்தது. எனக்குத் தெரியும், சமையலறையில் கேட்டிருக்கிறேன். நீ வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்து எவனோ கத்தினான்: “இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு என்ன தெரியும்? வெள்ளைக்காரர் குடுத்த படிப்பு!” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் வைத்திருந்த முகம். நான் எழுந்தேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“என்ர பிள்ளை ஒரு பொய்யும் சொல்லேல்லை. கேக்க ஏலாத ஆள் வெளியிலை போகலாம்!”

அதைச் சொன்னது பின்னுக்கிருந்து கத்தியவனுக்கு. ஆனால் கத்தியவன் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்தான். அந்த மண்டபத்தில் என்னைத் தவிர நின்றுகொண்டிருந்தவர் சிவராசா அண்ணை ஒருவர்தான். அவர் என்னைப் பார்த்தார். கதிரையில் கிடந்த மேலங்கியை எடுத்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை ஒதுக்கச் சொல்லி, மெல்ல மெல்ல வெளியே போனார். அவரைக் கூப்பிடாமல் நான் உட்கார்ந்துவிட்டேன். மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ மிச்சத்தை வாசித்தாய். ஒகினாவாவை அவர் கேட்காமலே போனார்.

அவருக்கு நான் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. பிறகு நானும் நிறுத்திவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பழகியவருக்கு என்னை விளங்காதா, விளங்கும்போது வரட்டும் என்று ஒரு வீம்பு. விமான நிலையத்தில் நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். “சிவராசா மாமா வரேல்லையா?” என்றாய். அவருக்குக் கால் நோ, நடக்க ஏலாதாம் என்று சொன்னேன். நீ நம்பவில்லை, ஆனால் என்னைக் கட்டிப்பிடித்து நின்றாய். உன் தலைமுடியில் நம் வீட்டுத் தாளித வாசம் இருந்தது. அதோடேயே நீ அவ்வளவு தூரம் பறந்து போகிறாயே என்று நினைத்தேன்.

பிள்ளை, தனிமை என்றால் வீட்டில் ஆள் இல்லாதது என்று நான் நினைத்திருந்தேன். அம்மா போன பிறகு நீ இருந்தாய், தேத்தண்ணிக் கடையில் அவர் இருந்தார், அதனால் எனக்கு அது சரியாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பகலில் ஒரு சின்ன விசயம் நடக்கும், ஒரு வயோதிபர் மெத்ரோ படியில் சறுக்கி விழப்போய்க் கூடையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்புவார், அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இருக்காது. தேத்தண்ணிக் கடைக்காரர் முதல் சில நாட்கள் இரண்டு கோப்பை எடுத்து வைத்தார், பிறகு ஒன்றாக்கினார், ஒன்றும் கேட்கவில்லை. நான் கடையையே மாற்றிக்கொண்டேன். ஞாயிறுகளில் சோறு கூடுதலாகப் போட்டுவிடுகிறேன். கடையில் கேட்கிறார்கள், “மகள் எப்ப வாறா?” என்று. வருவா என்கிறேன். லா சப்பலில் அத்தனை தமிழ்ச் சனத்துக்கு நடுவில், ஒரு முழு நாளும் வாய் திறக்காமல் ஒருவனால் இருக்க முடியும் என்பது உனக்குத் தெரியுமோ? எனக்கும் தெரியாது.

போன மாதம் நீ எடுத்தாய். குரலிலேயே மாற்றம் இருந்தது. டோக்கியோவை விட்டு ஒகினாவாவுக்கு, நாஹா நகரத்துக்குப் போகப் போகிறேன் என்றாய். “சிவராசா மாமா கேட்டவர் எல்லோ அப்பா, ஆரை வெளியிலை விட்டவை எண்டு. நான் இவ்வளவு நாளும் கிழவரைப் பற்றித்தான் எழுதினனான். அந்தச் சனத்திட்டை ஒண்டும் கேக்கேல்லை.” ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளை மற்றவர்கள் விடுதலை நாள் என்கிறார்கள், அந்தத் தீவுச் சனம் அவமான நாள் என்கிறார்கள் என்று சொன்னாய். முதல் தடவை போனபோது ஒரு முதிய பெண் உன்னிடம், நீ எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டதையும் சொன்னாய். பிரான்ஸ் என்றாயாம். அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு, என் அப்பா அம்மா ஒரு தீவுக்காரர் என்றாயாம். அதன் பிறகுதான் அவள் உள்ளே வரச் சொன்னாளாம்.

அடுத்த நாளே நான் கார்ஜுக்கு ரயில் ஏறினேன். அவருடைய கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. படி ஏறி மூச்சு வாங்க நின்று கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். உடம்பு வற்றியிருந்தது, கையில் தடி இருந்தது. கால் நோ என்று நான் உனக்குச் சொன்னது உண்மையாகியிருந்தது.

“வா” என்றார்.

நான் உட்காரக்கூட இல்லை. “அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்கில்லை அண்ணை. பின்னுக்கிருந்து கத்தினவனுக்கு.”

“தெரியும்.”

“தெரியுமோ?”

“ரயிலுக்குள்ளையே விளங்கிட்டுது, தம்பி.”

“பிறகேன் ஃபோனை எடுக்கேல்லை?”

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். “பிள்ளை சொன்னதும் சரியெண்டு விளங்கிட்டுது. ரெண்டும் உண்மைதான். இவ்வளவு காலமும் அந்த மனிசன் வாயாலை நல்லது ஒண்டும் வந்திருக்காது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அது எனக்கு லேசா இருந்தது. அதுக்குப் பிறகு உன்னை எப்பிடிப் பாக்கிறது எண்டு தெரியேல்லை.”

நான் ஒகினாவாவைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கேள்விதான் உன்னை அங்கே கொண்டுபோனது என்றேன். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். “பிள்ளை அந்தச் சனத்திட்டை என்னத்தைக் கேக்கிறாள்?” என்றார். வீட்டில் ஆர் ஆர் இருந்தவை என்றுதான் முதலில் கேட்கிறாளாம், பிறகுதான் மற்றதெல்லாம் என்றேன்.

“என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை” என்றார் சிவராசா அண்ணை.

ஒரே அறையில் படுத்தவன் நான். உன்னை அவர் தோளில் ஏற்றிவிட்டவன் நான். அவருக்கு நோகும் என்று நினைத்து நான் கேட்காமலே இருந்துவிட்டேன். மற்ற எல்லாரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இப்ப கேக்கிறன் அண்ணை. சொல்லுங்கோ” என்றேன்.

வெளியே இருட்டும் வரை சொன்னார். நடுவில் இரண்டு முறை நிறுத்தினார், ஒரு முறை சிரித்தார். கிளம்பும்போது, உனக்கு இதையெல்லாம் எழுதி, பத்திரிகைக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். “குடு. என்ர பேரைப் போடு” என்றார். கதவு வரை தடியூன்றி வந்தவர், நான் இரண்டு படி இறங்கிய பிறகு மேலிருந்து சொன்னார்: “அவன்ர பேரையும் போடு.”

அவருக்கு இனி ரயில் ஏறி வர ஏலாது. ஞாயிறுகளில் நான்தான் போகிறேன். மற்ற நாட்கள் முன்பு போலத்தான் இருக்கின்றன, அதை உனக்கு மறைக்கவில்லை. ஆனால் நீ திரும்பி வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ தொடங்கியதை முடி. கிழவரைப் பற்றி எழுதியதற்குக் கைதட்டினார்கள், இதற்குக் கைதட்டுவார்களோ தெரியாது. எழுது. கோடையில் வரும்போது ஒரு நாள் கார்ஜுக்குப் போய் அவர் முன்னால் உட்கார். நான் கேட்டதைத் திரும்ப நீ கேள். தமிழ் தடக்கினாலும் பரவாயில்லை, அவர் காத்திருப்பார்.

அவருடைய தம்பியின் பெயர் யோகராசா. கொழும்பில் ஒரு வானொலி திருத்தும் கடையில் வேலை செய்தான். கண் கொஞ்சம் பார்வை குறைவு, அதனால் கம்பிகளை முகத்துக்குக் கிட்டப் பிடித்துத்தான் ஒட்டுவானாம். சைவம். மழைக்குப் பயம். வீட்டில் அவனை ராசன் என்று கூப்பிட்டார்கள்.

அப்பா